ரேடியேற்றருக்கு முன்னால் ஒரு தகரம்

எங்கள் காரை 2021இல் வவுனியாவில் வாங்கினோம். ஐந்து பேர் சேர்ந்து காசு போட்டோம். மொறிஸ் மைனர் 1000, நாலு கதவு, சாம்பல் நிறம். புத்தகப் பெட்டிகளையும் புரொஜெக்டரையும் மடிச்ச வெள்ளைத் திரையையும் ஏத்திக்கொண்டு ஊர் ஊராய்ப் போக எங்களுக்கு ஒரு வாகனம் வேண்டியிருந்தது. வான் வாங்கக் காசு காணாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதோடு சில்லு பூட்டின எல்லாத்துக்கும் விலை ஏறிப்போய், ஓட்டோகூட எட்டாத உயரத்தில் நின்றது. அறுபது வருசப் பழசை நம்பி வாங்க ஆள் இல்லாததால் இது மட்டும் எங்கள் கைக்குள் வந்தது.

விற்றவர் சொன்னார்: "எஞ்சின் கல்லு மாதிரி. வேலை ஒண்டும் இல்லை தம்பியவை, பெற்றோலை அடிச்சிட்டு ஓடுறதுதான்."

வேலை ஒன்றும் இல்லாத அந்தக் காரோடு எங்கள் அடுத்த மூன்று வருசத்து ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

முதல் நாளே தொடங்கிவிட்டது. ஓமந்தை தாண்டினோம், புளியங்குளம் தாண்டினோம், கனகராயன்குளத்தில் பாட்டுப் போட்டோம். மாங்குளத்தில் பொனற்றுக்குள் இருந்து ஆவி. இந்தக் காரில் சூடு காட்டுகிற மீற்றரே கிடையாது. ஆவி வந்தால்தான் தெரியும். ஒரு மணித்தியாலம் ஆறவிட்டு, கடையில் தண்ணி வாங்கி ஊத்தி, திரும்ப ஓடினால் முறிகண்டியில் மறுபடி. அங்கே எல்லாரும் நிற்கிற இடம்தானே, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம், கச்சான் வாங்கித் தின்றோம், பொழுது படக் கிளிநொச்சிக்கு வந்து சேர்ந்தோம்.

அதற்குப் பிறகு மூன்று கராஜ். முதலாவதில் தேர்மோஸ்ராற்றைக் கழட்டி எறிந்தார்கள். இரண்டாவதில் ரேடியேற்றரைக் கழுவினார்கள். மூன்றாவதில் தண்ணிப் பம்ப் மாற்றினார்கள். மூன்று தடவையும் காசு போனது, ஆவி போகவில்லை. கரடிப்போக்குப் பக்கத்தில் ஒரு பழைய மெக்கானிக் ஐயா இருக்கிறார், மைனர், ஏ40 எல்லாம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு என்று ஒருவர் சொல்லி, கடைசியாக அங்கே கொண்டுபோனோம். ஐயா பொனற்றைத் திறக்கவே இல்லை. காருக்கு முன்னால் குந்தியிருந்து, கிறில்லுக்குள்ளால் ரோச் அடித்துப் பார்த்தார். சிரித்தார்.

"உதை ஒருத்தரும் கழட்டேல்லையோ?"

கிறில்லுக்கும் ரேடியேற்றருக்கும் நடுவில் ஒரு தகரம். மாவு ரின் ஒன்றை வெட்டி, தட்டி நேராக்கி, ஓரம் மடித்து, கறுப்பு அடித்து, நாலு திருகாணியில் பூட்டியிருந்தது. ரேடியேற்றரின் முக்கால்வாசியை மூடிக்கொண்டிருந்தது. வேலை அவ்வளவு சுத்தம். கொம்பனியே பூட்டி விட்டதென்று நாங்கள் மட்டுமல்ல, மூன்று கராஜ்காரரும் நினைத்திருக்க வேண்டும்.

"உது மண்ணெண்ணெய்த் தகரம் மோனை," என்றார் ஐயா.

எங்களில் ஒருத்தரும் 1995க்கு முதல் பிறந்தவர் இல்லை. பொருளாதாரத் தடை என்றால் எங்களுக்கு வீட்டில் கேட்ட கதை: ஜாம் போத்தல் விளக்கு, சைக்கிள் டைனமோவைச் சுத்திக் கேட்ட ரேடியோ. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியதில் இருந்து 2002 வரை, வடக்குக்குக் கொண்டுபோகக் கூடாத சாமான்களுக்கென்று ஒரு பட்டியல் இருந்தது. பெற்றோல், டீசல், பற்றறி, உதிரிப்பாகம், சீமெந்து, உரம் என்று அது நீளும். மண்ணெண்ணெய் மட்டும் அளவு போட்டுக் கொஞ்சம் வந்தது. ஆகவே வன்னியில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. இவ்வளவும் எங்களுக்குத் தெரியும். எப்படி ஓடின என்பது தெரியாது. அந்தத் தகரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஐயா சொல்லித்தான் தெரியும்.

பெற்றோல் லேசில் ஆவியாகும். மண்ணெண்ணெய் ஆகாது, அதற்குச் சூடு வேண்டும். அதனால் முதலில் கொஞ்சப் பெற்றோலில் எஞ்சினை ஸ்ராட் பண்ணி, நன்றாகச் சூடு ஏறின பிறகு திறப்பைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். மாற்றின பிறகும் எஞ்சின் ஆறிவிடாமல் பார்க்க வேண்டும். முகத்தில் காத்துப் பட்டால் ஆறிவிடும், அதற்குத்தான் தகரம். காரை நிப்பாட்டப் போவதற்குக் கொஞ்சம் முன்னால் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் காபரேற்றருக்குள் மண்ணெண்ணெய் தங்கி, அடுத்த தரம் ஸ்ராட் வராது. டாஷ்போட்டுக்குக் கீழே சேலைன் குழாய்த் துண்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. எதற்கென்று தெரியாமல் விட்டிருந்தோம். ஐயா தொட்டதும் காய்ந்த ஈர்க்கு மாதிரி முறிந்தது. பெற்றோல் போத்தலில் இருந்து வந்த குழாய் அது.

பிறகு எஞ்சின் ஹெட்டைத் திறந்தபோது இன்னொன்று. ஒரு காஸ்கற் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு, ஒன்றின் மேல் ஒன்று. மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்காது, நேரத்துக்கு முதல் தானாகப் பற்றி எஞ்சின் 'கட கட' என்று அடிக்கும். இரண்டு காஸ்கற் போட்டால் ஹெட் கொஞ்சம் உயர்ந்து அமுக்கம் குறையும். எங்கள் கார் ஏன் ஏற்றத்தில் மாட்டு வண்டிலுக்கு வழிவிடுகிறது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

உலகத்தில் ஒருவருக்கும் தெரியாத வித்தையை வன்னி கண்டுபிடித்தது என்று நாங்கள் அன்றிரவு ஆளுக்காள் கதைத்துக்கொண்டோம். அடுத்த நாள் தேடிப் பார்த்தால், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் பேர்குசன் கொம்பனி இதே முறையில் உழவு இயந்திரமே செய்து விற்றிருக்கிறது. பின்னால் எங்கள் வயல்களில் சிவப்பாய் ஓடின மசி பேர்குசனின் முன்னோர்தான். ஒரு சின்னப் பெற்றோல் ராங், ஒரு பெரிய ராங்கில் மண்ணெண்ணெய்க்குக் கிட்டின ஒரு எண்ணெய், அமுக்கம் குறைத்த எஞ்சின், பெற்றோலில் தொடங்கிச் சூடான பிறகு மாற்றுவது. எல்லாம் அதே. வரி குறைந்த மலிவு எண்ணெயில் ஓட்டுவதற்காக அவர்கள் தொழிற்சாலையில் வரைபடம் போட்டுச் செய்ததை, எங்கள் முந்தின சொந்தக்காரர் மாவு ரின்னில் செய்திருக்கிறார். அவருக்கு அந்த இயந்திரம் தெரிந்திருந்ததோ என்னவோ. சூட்டையும் அமுக்கத்தையும் பற்றி அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

முந்தின சொந்தக்காரர் என்கிறோமே, அது ஆர்? பதிவுப் புத்தகத்தில் நாலு பெயர் இருக்கிறது. கடைசிப் பெயர் எழுதினது 1987இல். அதற்குப் பிறகு எல்லாம் ஓபின் பேப்பர். கையெழுத்து வைத்த படிவத்தோடு கார் கை மாறும், புத்தகத்தில் பெயர் ஏறாது. முப்பத்தி நாலு வருசத்துக்குக் காரில் ஆர் இருந்தது என்று எந்தக் கந்தோரிலும் எழுத்தில்லை. எழுத்து இருப்பது காருக்குள்தான். ரிப்பேர்களை வைத்து நாங்கள் மூன்று பேரைப் பிரித்து எடுத்தோம், பெயரும் வைத்தோம். முதலாமவர் மண்ணெண்ணெய்க்காரர்.

(நம்பர் பிளேற்றில் இருக்கிற சிங்கள ஸ்ரீயைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1957இல் ஆங்கில எழுத்துக்குப் பதிலாக அது வந்தது. 1958இல் வடக்குக் கிழக்கில் அதை அழித்துத் தமிழ் ஸ்ரீ எழுதினார்கள், அது ஒரு போராட்டமாகவே நடந்தது. இந்தக் காரில் முதன்முதலாகச் செய்த திருத்தம் எஞ்சினிலா பிளேற்றிலா என்று எங்களுக்குள் ஒரு பகிடி.)

இரண்டாமவர் ரேடியோக்காரர். அவரைச் சமாதான காலத்துக்காரர் என்று நினைக்கிறோம். 2002 ஏப்ரலில் ஏ9 திறந்து, தெற்கில் இருந்து சாமான் வரத் தொடங்கினதும் இந்த மனிதர் முதல் வாங்கினது ஒரு கார் ரேடியோ. பிழை சொல்ல மாட்டோம். பத்துப் பன்னிரண்டு வருசம் டைனமோ சுத்திப் பாட்டுக் கேட்டால் நாங்களும் அதைத்தான் வாங்கியிருப்போம். ஆனால் மைனர் ஒரு தலைகீழான கார். இப்போதைய வாகனங்களில் பற்றறியின் நெகற்றிவ் பொடியோடு சேரும், இதில் பொசிற்றிவ் சேரும். புது ரேடியோவை அப்படியே பூட்டினால் புகைதான் வரும். அவர் என்ன செய்தார் என்றால், ரேடியோ பொடியில் முட்டாமல் இருக்க அதைச் சைக்கிள் ரியூப்பால் மம்மி மாதிரிச் சுத்தி, நைலோன் கயிற்றில் தொங்கவிட்டு, வயரை மாற்றிக் கொடுத்திருந்தார். ஏரியலின் அடியில் பாட்டாச் செருப்பில் வட்டமாக வெட்டின ரப்பர். ஒழுங்காக வேலை செய்த ஏற்பாடுதான். ரியூப் வெடித்து, செருப்பு இறுகி நொறுங்கும் வரைக்கும். ஒரு மழை நாளில் எங்களுக்கு டாஷ்போட்டுக்குள் இருந்து மணம் வந்தது. பியூஸ் ஏன் போகவில்லை என்று பார்த்தால், பியூஸ் இருக்கிற இடத்தில் சிகரெட் பெட்டி ஈயத்தாள் சுத்தின ஒரு ஆணி. இந்தக் காரில் பியூஸே மொத்தம் இரண்டு. இரண்டிலும் ஆணி.

இதை எங்கள் நாட்டுக் குணம் என்று யாரும் சொல்ல வேண்டாம். பழைய இங்கிலீஸ் கார் வைத்திருக்கிறவர்கள் உலகம் முழுக்க முந்தின சொந்தக்காரரைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆணி, ஈயத்தாள் எல்லாம் பேர்மிங்காமிலும் நடந்ததுதான். மைனருக்கு மின்சாரச் சாமான் செய்த லூக்காஸ் கொம்பனிக்கு அவர்களே வைத்த பட்டப்பெயர் 'இருட்டின் இளவரசன்'.

அந்த மணத்துக்குப் பிறகு வயர் முழுவதையும் கழட்டினோம். அங்கேதான் மண்ணெண்ணெய்க்காரரைத் திரும்பச் சந்தித்தோம். மைனருக்கு வயர்கள் நிறத்தால் பிரித்திருக்கும். மண்ணிறம் பற்றறியில் இருந்து வருவது, வெள்ளை இக்னிசன், நீலம் பெரிய லைற், கறுப்பு பொடிக்குப் போவது. அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வகை வயர், கறுப்பு டெலிபோன் வயர். முன்பக்கம் முழுக்க அதையே இழுத்திருந்தார். எல்லாம் ஒரே நிறம் என்றால் அடுத்தவனுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு வயரின் இரண்டு நுனியிலும் ஒரு சீலைத் துண்டு கட்டியிருந்தார். மண்ணிறத்துக்கு மண்ணிறச் சீலை, நீலத்துக்கு நீலம். நீலமும் வெள்ளையும் கலந்த வயருக்கு இரண்டு துண்டு சேர்த்து முறுக்கி. அழுக்கேறி எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரிந்தன. எங்களில் ஒருத்தி சவர்க்காரத் தண்ணியில் நனைத்துத் துடைத்துப் பார்த்தபோதுதான் நிறம் வந்தது. வெள்ளைத் துண்டு, பள்ளிக்கூடச் சட்டைத் துணி.

அன்றைக்குக் கொஞ்ச நேரம் ஒருத்தரும் பகிடி விடவில்லை.

வயரைப் பற்றி அல்ல, தடைக்காலத்தைப் பற்றியே எங்களுக்கு அப்போது ஒரு மயக்கம் பிடித்தது உண்மை. 2022 வந்து அந்த மயக்கத்தை இன்னும் ஏற்றிவிட்டது. பெற்றோல் செற்றில் இரவு இரவாகக் கிடந்தோம். யூலையில் கியூஆர் முறை வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று அளந்தார்கள். வரிசையில் நின்ற வயதானவர்கள் எல்லாம் "நாங்கள் அப்ப மண்ணெண்ணெயில ஓட்டினனாங்கள்" என்று தொடங்கினார்கள். வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்கள் போனில் அதையே சொன்னார்கள். 'தடையை வென்ற தமிழன்' என்கிற தலைப்பில் இப்படி எத்தனை பதிவு வந்தது. இந்தியாவில் இதற்கு ஜுகாட் என்று ஒரு சொல் இருக்கிறது, அதை வைத்து முகாமைத்துவப் புத்தகமே எழுதிவிட்டார்கள். கியூபாவில் 1962 தொடக்கம் அமெரிக்கத் தடைக்குள் ஓடுகிற ஐம்பதுகளின் கார்களுக்குள் ரஷ்ய எஞ்சின் இருக்கிறது, சுற்றுலாக்காரர் அதில் ஏறிப் படம் எடுக்கிறார்கள். நாங்களும் அந்தத் தகரத்தைக் கழுவி, எங்கள் வாசிப்பு அறைச் சுவரில் மாட்டலாம் என்று யோசித்தோம்.

எங்களில் ஒருவன் ஒரு படி மேலே போய் ஐயாவிடம் கேட்டான்: "தகரத்தைத் திரும்பப் பூட்டி மண்ணெண்ணெயிலயே ஓட்டினால் என்ன ஐயா?"

ஐயா ஏசினார். "உங்களுக்கு விசரே? அதில ஓடி எத்தினை எஞ்சின் செத்தது தெரியுமே? மண்ணெண்ணெய் ரிங்ஸுக்குள்ளால இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். ஒயில் மாத்த ஒயில் இல்லை. பிளக்கைக் கழட்டித் தேய்ச்சுத் தேய்ச்சு விரல் நுனி கறுத்துக் கிடந்தது எங்களுக்கு. வேற வழி இருந்தால் ஆர் செய்வான்?" பிறகு கொஞ்சம் குரல் இறங்கிச் சொன்னார். ஸ்ராட் பண்ணுகிற பெற்றோல் வீட்டில் ஒரு சின்னப் போத்தலில் இருக்குமாம். அதில் கை வைக்க விடமாட்டார்களாம். இரவில் பிள்ளைப்பேற்றுக்கு, பாம்பு கடிக்கு என்று ஆள் வந்து கூப்பிட்டால் அந்தப் போத்தல்தான். ஒரு தரம் போத்தலைத் தட்டி ஊத்திப்போட்டார்களாம். அன்றைக்கு ஆளைச் சைக்கிளில் ஏத்திக்கொண்டு போனார்கள். அந்த ஆளுக்கு என்ன நடந்தது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

87 ரூபாய் விற்ற மண்ணெண்ணெய் அந்த ஆகஸ்ற்றில் ஒரேயடியாக 340 ஆனது. முல்லைத்தீவுக் கரையில் வள்ளங்கள் ஏறிக் கிடந்தன. கார் ஓட்டுகிற யோசனை அதோடு நின்றது. தகரத்தைச் சுவரில் மாட்டவும் இல்லை.

ஐயாவிடமும் ஒரு ஏ40 இருந்தது. கடைசி நேரத்தில் சாமான்களோடு மாத்தளன் வரை உருட்டிக்கொண்டு போய் அங்கே விட்டவர். 2009க்குப் பிறகு அந்தக் கரையில் எரிந்தும் எரியாமலும் கிடந்த பஸ், உழவு இயந்திரம், மோட்டார் சைக்கிள், சைக்கிள் குவியல்களை நீங்களும் படத்தில் பார்த்திருப்பீர்கள். பிறகு பழைய இரும்பு லொறிகள் வந்தன. எங்கள் கார் தப்பினதற்குக் காரணம் ஒன்றுதான்: 2006 ஆகஸ்ற்றில் பாதை பூட்ட முதல் அது வவுனியாப் பக்கம் போய்விட்டது. ரேடியோக்காரர் விற்றிருக்க வேண்டும். ஐயா எங்கள் காரில் கூலி குறைத்துத்தான் வேலை செய்வார். ஏன் என்று கேட்டால் "உங்களிட்டை என்ன கிடக்கு வாங்க" என்பார்.

மூன்றாமவரை நாங்கள் இதுவரை சொல்லவில்லை. அவருக்கு வைத்த பெயர் பூசி மெழுகினவர்.

அவரை முதலில் சந்தித்தது ஒரு பஞ்சர் நாளில். ஜக்கை வைத்து உயர்த்தினோம். கார் உயரவில்லை, ஜக் காருக்குள் போனது. கதவுக்குக் கீழே நீளமாகப் போகிற பெட்டிப் பகுதிதான் இந்தக் காரின் முதுகெலும்பு மாதிரி. அது கறள் தின்று காணாமல் போயிருந்தது. இருந்த இடத்தில் கசக்கின பேப்பரை அடைத்து, மேலே கட்டலோய் பூசி, உரஞ்சி, சாம்பல் பெயின்ற் அடித்திருந்தது. ஜக் போன ஓட்டையில் இருந்து பேப்பர் துண்டுகள் விழுந்தன. ஒன்றில் மணமகள் தேவை விளம்பரம், ஒன்றில் 2012 என்று வருசம். அந்தப் படத்தை நாங்கள் சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் அனுப்பினோம்.

ஐயா சிரிக்கவில்லை. "பொடியில இப்பிடிச் செய்தவன் கீழ என்ன செய்திருப்பான்? காரைக் கொண்டு வாங்கோ, நாலு சில்லையும் கழட்டிப் பாப்பம்," என்றார். மூன்று தரம் சொன்னார். ஒரு தரம் எங்களிடம் காசில்லை, ஒரு தரம் நேரமில்லை, மூன்றாம் தரம் மறந்துபோனோம். இதை எழுதாமல் விட்டால் பழி முழுக்க முந்தின சொந்தக்காரர் தலையில் போய்விடும்.

2023இல் ஒரு பின்னேரம் பரந்தன் முல்லைத்தீவு வீதியில் விசுவமடுப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடம் விட்ட நேரம். பெரிய றோட்டில் இருந்து ஒழுங்கைக்குள் திருப்பினோம், வேகம் நடக்கிற வேகம்தான். வலது முன்பக்கம் ஒரு சத்தத்தோடு கீழே இருந்தது. சில்லு காருக்குள் மடிந்து, மட்காட் அதன்மேல் இறங்கி, கார் மூக்கால் மண்ணைக் கிண்டிக்கொண்டு நின்றது. அந்தப் பக்கம் சைக்கிளில் வந்த ஒரு பெடியன் நாலு முழம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் இல்லை. எங்களுக்கும் இல்லை. பத்து நிமிசத்துக்கு முன்னால் அதே கார் பெரிய றோட்டில் ஒரு பஸ்ஸை முந்தியது.

மைனரின் முன் சில்லைத் தாங்குவது ஒரு திருகு மூட்டு. ஸ்ரியறிங் திருப்பும்போது ஒரு தடித்த ஆணி ஒரு கூட்டுக்குள் புரிக்குப் புரி திரும்பும். ட்றனியன் என்பார்கள். ஆயிரம் மைலுக்கு ஒருக்கால் கிறீஸ் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் புரி தேய்ந்து, ஒரு நாள் ஆணி கூட்டை விட்டுக் கழன்று வரும். இது உலகம் அறிந்த குறை, வயதுபோன எந்த மைனருக்கும் வரும். எங்களுடையதிலும் புரி தேய்ந்திருந்தது. தேய்ந்தது தெரிந்த ஒருவர், சோடா மூடியைத் தட்டையாக்கி வெட்டின தகட்டை ஆணியைச் சுத்தி வைத்து, அடித்து இறுக்கி, ஆட்டம் தெரியாமல் பண்ணி, மேலே கறுப்புத் தார்ப் பெயின்றைத் தாராளமாக அடித்து விட்டிருந்தார். ஆட்டிப் பார்க்கிறவனுக்குச் சில்லு ஆடாது. விற்கிற நாள் வரைக்கும் தாங்கும்.

மாவு ரின்னும் தகரம், சோடா மூடியும் தகரம். இரண்டையும் ஒரு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாங்கள் நிறைய நேரம் பார்த்தோம். மண்ணெண்ணெய்க்காரரின் தகரமும் எங்களுக்குக் கெடுதல்தான் செய்தது. அது எஞ்சினைக் கொன்றிருக்கும். ஆனால் அவர் அதைத் திருகாணியில் பூட்டினார், கழட்டலாம். வயருக்குச் சீலை கட்டினார், தேடலாம். எங்களைத் தெரியாமலே எங்களுக்காக ஒரு வேலை செய்திருக்கிறார். மற்றவர் தார் அடித்ததும் எங்களுக்காகத்தான், நாங்கள் காணக்கூடாது என்பதற்காக. இவரிடம் சாமான் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2012இல் பாதை திறந்திருந்தது, கொழும்பில் பாகம் கிடைத்திருக்கும். எங்களில் ஒருத்தி மட்டும் விடாமல் சொன்னாள்: "2012இல அந்த ஆள் முகாமில இருந்து வந்து தறப்பாளுக்குக் கீழ இருந்திருந்தால்? கார் ஒண்டுதான் விக்கக் கிடந்திருந்தால்?" அதற்கு எங்களிடம் பதில் இல்லை. இப்பவும் இல்லை. அந்தப் பெடியன் நாலு முழம் தள்ளி நின்றான் என்பது மட்டும் ஒவ்வொரு தரமும் நினைவுக்கு வரும்.

கதை அதோடு முடிந்திருந்தால் நாங்கள் நல்ல பிள்ளைகள். கார் ஐயாவின் வளவில் மூக்குக் குத்திக் கிடந்த கிழமையே ஒருவர் வந்தார். கலியாண ஊர்வலத்துக்குப் பழைய கார் சேர்க்கிறவராம். தூரத்தில் நின்று பார்த்து, நாங்கள் வாங்கினதைப் போல ஒன்றரை மடங்கு விலை சொன்னார். இறக்குமதித் தடை அப்போதும் நீங்கவில்லை, பழசுக்கெல்லாம் பொன் விலை. சில்லுக்கு என்ன என்று கேட்டார். "சும்மா ஒரு சின்ன வேலை," என்று எங்களில் ஒருவனின் வாயில் இருந்து வந்துவிட்டது.

அன்றிரவு சண்டை. காசு எல்லோருக்கும் தேவையாக இருந்தது. ஒருவன் கடன் வாங்கிப் பங்கு போட்டவன். "புரிக்குத் தகடு வைச்சு, கறுப்பு அடிச்சுக் குடுப்பம். எங்களுக்கும் அப்பிடித்தானே தந்தவை," என்றான். அவன் கெட்டவன் இல்லை. அவன் சொன்னபோது மற்ற நாலு பேரில் இரண்டு பேர் வாய் திறக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். 'கலியாண ஊர்வலம் மெதுவாத்தானே போகும்' என்று ஒரு நியாயம்கூட வந்தது. விடிய இரண்டு மணிக்கு, எங்கள் கார் கழன்றதும் நடக்கிற வேகத்தில்தான் என்று ஒருத்தி சொன்னாள். காலமை போன் எடுத்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். ட்றனியன், பேப்பர், ஆணி, இரட்டைக் காஸ்கற். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு நாங்கள் வாங்கின விலையிலும் குறைவாக ஒன்று சொன்னார். விற்கவில்லை. கடன்காரனின் பங்கை மற்ற நாலு பேரும் மாதம் மாதமாகக் கொடுத்து முடித்தோம்.

மைனருக்கு ட்றனியன் இங்கிலாந்தில் இன்றைக்கும் புதுசாகச் செய்து விற்கிறார்கள். எங்களில் ஒருவரின் மச்சாள் லண்டனில் இருந்து கலியாண வீட்டுக்கு வந்தபோது, சீலைகளுக்கு நடுவில் சுத்தி ஒரு சோடி கொண்டுவந்தா. பெட்டிப் பகுதிக்கு ஐயாவின் ஆள் உண்மையான தகடு வைத்து ஒட்டினார். தகரம், ஆணிகள், ஒரு காஸ்கற் எல்லாம் கழன்றன. வயர் புதுசு, நிறத்துக்கு நிறம். சீலைத் துண்டுகளை மட்டும் எறிய மனம் வராமல் ஒரு பைக்குள் போட்டு வைத்திருக்கிறோம்.

எல்லாவற்றையும் புதுசாக மாற்றக் காசு வரவில்லை. நாங்களும் ஒட்டுப் போட்டிருக்கிறோம். வைப்பர் மோட்டர் ஒரு ஓட்டோவினுடையது. பின் கதவின் உள்பூட்டு ஜன்னல் கொளுக்கி. பெற்றோல் மீற்றர் பொய் சொல்லும். பாதி என்று காட்டினால் கால்வாசி. டாஷ்போட் தட்டில் ஒரு சீஆர் கொப்பி கிடக்கிறது. முதல் பக்கத்தில் மூன்று முந்தின சொந்தக்காரர்களையும் பற்றி எங்களுக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறோம். பிறகு நாங்கள் செய்ததெல்லாம் திகதி போட்டு, எது சரியான வேலை, எது தற்காலிகம், எதைக் கெதியில் மாற்ற வேண்டும் என்று. ஐயா ஒரு நாள் அதை எடுத்து மூக்குக்கண்ணாடி போட்டு முழுக்க வாசித்தார். எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்தினார். பிறகு "ஹாண்ட் பிறேக்கை எழுதேல்லையே?" என்று கேட்டார்.

எழுதினோம். ஹாண்ட் பிறேக் பிடிக்காது, கேபிள் அறுந்து ஒரு வருசம். ஏற்றத்தில் விட்டால் பின் சில்லுக்குக் கல் வைக்கவும். கல் டிக்கிக்குள் இடது பக்கம் கிடக்கு.